தோட்டப் பெயர்களும் இணையத்தளப் பட்டியும்: பேராக் மாநிலத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

இணையத்தளத்தின் பக்கங்களுக்கு வாசகரை இட்டுச்செல்லும் தலைப்புகளின் தொகுதி பட்டி எனப்படும். நூலுக்குப் பொருளடக்கம் எவ்வாறோ, தளத்திற்குப் பட்டி அவ்வாறு. இதனைப் பக்கந்தோறும் நிலையாக எழுதி வைக்கலாம். தரவுகளிலிருந்து நிரலின்வழி உருவாக்கவும் செய்யலாம். பேராக் தோட்டத் தமிழர் ஆவணங்களைத் தொகுப்போருக்குப் பின்னதே ஏற்றது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பேராக்கில் இடப்பெயர்களும் எல்லைகளும் மாறி வந்துள்ளன. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. ஈப்போவை உள்ளடக்கிய கிந்தாவிலிருந்து கம்பார் 2009இலும், பத்தாங் பாடாங்கிலிருந்து முவாலிம் 2016இலும் தனி மாவட்டங்களாயின. இரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் சில தோட்டத்தின் பெயரை மட்டும் இன்றும் தாங்கி நிற்கின்றன.

வேர்டுபிரஸ், துருப்பல் போன்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளில் பட்டியின் ஒவ்வோர் உறுப்பும் தரவுத்தளத்தில் ஒரு பதிவாகும். தலைப்பு, இலக்கு, தாய் உறுப்பின் எண், வரிசை எண் ஆகியன அதில் அடங்கும். நிரல் முதலில் தாய் எண் சுழியமாக உள்ள உறுப்புகளை எடுக்கும். பின்னர் ஒவ்வோர் உறுப்பின் சேய்களையும் தேடத் தன்னையே மீண்டும் அழைக்கும். சேய் இல்லாதவிடத்து நிற்கும். எனவே, தஞ்சோங் மாலிம் முவாலிம் மாவட்டத்திற்கு மாறியபோது, அவ்வுறுப்பின் தாய் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். அதன்கீழுள்ள தோட்டங்கள் யாவும் உடன் இடம்பெயரும்.

எனினும், இம்முறையில் ஓர் உறுப்புக்குத் தாய் ஒன்றே. ஆகவே பழைய பெயரையும் பழைய மாவட்டத்தையும் அழித்துவிடாமல், தோட்டத்தின் பதிவில் தனிப்புலங்களாக ஆண்டுடன் சேர்த்தல் வேண்டும். அவற்றிலிருந்து 'பழைய பெயர்கள்' என்னும் இரண்டாம் பட்டியையும் நிரல் உருவாக்கும். தெலுக் ஆன்சன் என்று அச்சிட்ட ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளருக்கு அதுவே வாயில்.

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று அகர வரிசை. ஒருங்குறி எண்களின்படி மட்டும் வரிசைப்படுத்தினால் னகரம் நகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் வந்துவிடும். நெடுங்கணக்கு முறைக்குரிய வரிசை விதியை நிரலில் தனியே குறித்தல் வேண்டும்.

பட்டி வெறும் அலங்காரமன்று. அதில் இடம்பெறாத தோட்டத்தைத் தேடி வருவோர் அரியர். எப்பெயர் எதன்கீழ் அமைய வேண்டும் என்பதை முடிவுசெய்வது நிரலாளரின் பணி மட்டுமன்று. வரலாறும் மொழியும் அறிந்தோரின் பொறுப்புமாகும்.