காயல் துறைமுகம்: அரபு வணிகர் செல்வாக்கும் பாண்டியர் ஆட்சியுரிமையும்

முன்னுரை

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரையில் முதன்மை பெற்றிருந்த துறைமுகம் காயல். ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய மேற்றிசைத் துறைகளிலிருந்து வந்த கலங்கள் இங்குக் குதிரைகளை இறக்கின. இந்நகரை நேரில் கண்டவராகக் கருதப்படும் மார்க்கோ போலோ, இது பாண்டிய மன்னனுக்கு உரியது என்கிறார். அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், அந்நாட்டை உண்மையில் ஆண்டவர் அரபு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமைச்சரே என்கிறார். இவ்விரு கூற்றுகளையும் சான்றுகளின் தன்மை நோக்கி மதிப்பிட்டு, காயல் யாருடைய நகரமாக இருந்தது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காயலின் இருப்பிடம்

‘காயல்’ என்னும் சொல் கடலை அடுத்த உப்பங்கழியைக் குறிக்கும். தாமிரபரணியின் முகத்துவாரப் பகுதியில் இப்பெயர் தாங்கிய ஊர்கள் மூன்று உள்ளன. ஆற்றுக்கு வடக்கே பழையகாயலும், முகத்துவாரத்தில் புன்னைக்காயலும், தெற்கே காயல்பட்டினமும் அமைந்துள்ளன. மார்க்கோ போலோ குறிப்பிடும் ‘காயில்’ இவற்றுள் எது என்னும் வினாவிற்குக் கள ஆய்வின் வழி விடை தேடியவர் இராபர்ட் கால்டுவெல்.

1838இல் சென்னைக்கு வந்து, 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், கொற்கையிலும் பழையகாயலிலும் அகழ்ந்து கண்டவற்றை 1877இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வெளியிட்டார். பழையகாயலின் நிலப்பரப்பில் சிதறிக்கிடந்த ஓடுகளுக்கிடையே சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்கலத் துண்டுகளும் இருந்தமையை அவர் சுட்டினார். போலோவின் காயலைக் காயல்பட்டினத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது என்றும், அது பழையகாயலே என்றும் முடிவு செய்தார். 1881இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட வரலாற்றிலும் இக்கருத்து இடம்பெற்றது. மொழிநூல் அறிஞராகவே பெரிதும் அறியப்பட்ட கால்டுவெல், 1891 ஆகஸ்டு 28 அன்று பழனிமலைத் தொடரின் கொடைக்கானலில் காலமாகி, இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். தென்தமிழகத் துறைமுகத் தொல்லியலுக்கு அவர் இட்ட அடித்தளம், அவருடைய ஒப்பிலக்கணப் பணியின் புகழில் மறைந்துபோன ஒன்றாகும்.

கால்டுவெல்லின் கண்டறிதல் இருப்பிடத்தைப் பற்றியது மட்டுமன்று. துறைமுகம் இடம்பெயர்ந்த காரணத்தையும் அது விளக்கியது. ‘பெரிப்ளஸ்’ நூலும் தாலமியும் ‘கொல்கோய்’ எனக் குறிக்கும் கொற்கை, தொடக்கத்தில் கடலோரத் துறையாக இருந்தது. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் படிந்து நிலம் கடலை நோக்கி வளர்ந்தபோது கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. அதன் பணியை ஏற்ற காயலையும் அதே வண்டல் பின்னர்க் கடலிலிருந்து பிரித்தது. எனவே கொற்கையும் காயலும் ஒரே முகத்துவாரத் துறையின் அடுத்தடுத்த இரு நிலைகளாகும்.

குதிரை வணிகமும் ஒப்பந்தமும்

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை புகாரின் இறக்குமதிப் பொருள்களுள் ஒன்றாகச் சுட்டுகிறது. பாண்டிய மன்னன் குதிரை வாங்கத் தன் அமைச்சரைப் பொருளுடன் அனுப்பிய செய்தி திருவிளையாடல் மரபில் நிலைபெற்றுள்ளது. தமிழகத் தட்பவெப்பம் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. படைக்கு வேண்டிய குதிரைகள் ஆண்டுதோறும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தன. வறுத்த வாற்கோதுமையும் நெய்யில் சமைத்த தானியமும் காய்ச்சிய பாலும் குதிரைகளுக்குத் தரப்பட்டமையை வஸ்ஸாஃப் வியந்து கூறுகிறார். குதிரை மருத்துவம் அறிந்தோர் இந்நாட்டிற்கு வராதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்பது மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டு.

இவ்வணிகத்தின் மறுமுனையில் இருந்தவர் கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபி. இவர் தம் சொந்தக் குதிரைகளுள் 1,400ஐ ஆண்டுதோறும் அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்டார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்றும், வழியில் இறக்கும் குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுத்தது என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கடற்பயண இழப்பை வாங்குபவரே ஏற்ற இவ்விதி, அரபு வணிகர்க்கு இருந்த பேர ஆற்றலைக் காட்டுகிறது. முந்தைய காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன, அவற்றின் மதிப்பு 22 இலட்சம் தினார் என்னும் அவரது கணக்கை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். முழு எண் ஒன்றை விலையால் பெருக்கிப் பெற்ற தொகை அது. துறைமுகப் பதிவேட்டுக் கணக்கின் இயல்பு அதில் இல்லை.

அமைச்சரா, ஆட்சியாளரா?

ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவரான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியரின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தார். ஃபத்தன், மலீஃபத்தன், காயல் ஆகிய மூன்று துறைகளும் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன என்பது வஸ்ஸாஃபின் செய்தி. மஅபர் நாட்டின் அரசர் ஹிஜ்ரி 692இல் (கி.பி. 1293) இறந்ததாகவும், அதன்பின் தகியுத்தீன் முன்போலவே அமைச்சராக நீடித்து, நடைமுறையில் அந்நாட்டை ஆண்டதாகவும் அவர் கூறுகிறார்.

இக்கூற்றை அப்படியே ஏற்பதற்குத் தடைகள் இரண்டு. முதலாவது, செய்தியின் ஊற்றுக்கண். பாண்டிய நாட்டுச் செல்வம் பற்றிய செய்தியை ஜமாலுத்தீன் வழியாகவே பெற்றதாக வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். ஒரு வணிகக் குடும்பம் தன் செல்வாக்கைப் பற்றித் தானே தந்த செய்தி மிகைபடுதல் இயல்பு. இரண்டாவது, பாண்டியர் அரசமைப்பு. ஒரே காலத்தில் பல பாண்டியர் ஆட்சிப்பங்கு பெற்றிருந்தனர்; போலோவும் உடன்பிறந்த அரசர் ஐவரைக் குறிப்பிடுகிறார். அவர்களுள் மூத்தவராக, காயலுக்கு உரியவராக அவர் சுட்டும் ‘அஷார்’, 1268இல் ஆட்சிக்கு வந்த முதலாம் மாறவர்மன் குலசேகரன் என்பது பெரும்பான்மை ஆய்வாளர் முடிவு. அவரது ஆட்சி 14ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டு வரை நீடித்தது. ஆகவே 1293இல் இறந்தவர் இணையாட்சியாளருள் ஒருவராதல் வேண்டும். அந்த இறப்பினால் அரியணை வெறுமையாகவுமில்லை; அதிகாரம் அமைச்சரிடம் சேரவுமில்லை.

தமிழ்க் கல்வெட்டுச் சான்றும் இதற்கு அரண் செய்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருப்புல்லாணிக் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளிக்குப் பாண்டிய மன்னர் அளித்த நிலக்கொடையைப் பதிவு செய்கிறது. ‘சோனகர்’ என்பது அரபு முஸ்லிம்களைக் குறித்த சொல். ‘சாமந்தர்’ என்பது அரசனுக்கு அடங்கிய தலைவரைக் குறிப்பது. கொடை வழங்குபவர் அரசர். அதனைப் பெறும் பள்ளியின் பெயரிலேயே சாமந்த நிலை பதிந்துள்ளது. வஸ்ஸாஃப் காட்டும் உறவு இங்குத் தமிழ் ஆட்சிச் சொல்லால் வேறுவகையில் வரையறுக்கப்படுகிறது.

வீழ்ச்சி

1310ஐ ஒட்டி நிகழ்ந்த குலசேகரனின் கொலை, அரியணைப் போட்டி, 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு ஆகியன ஒப்பந்தத்தின் ஒரு தரப்பைக் குலைத்தன. 14ஆம் நூற்றாண்டில் கீஷ் ஹோர்முஸிடம் வீழ்ந்தது மறுதரப்பையும் நீக்கியது. எனினும் காயல் உடனே அழிந்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா, அங்கு முத்து வருவாயைக் குத்தகைக்கு எடுத்த செல்வமிக்க முஸ்லிம் ஒருவர் தம் சமூகத்தார்க்கு நீதி வழங்கியதைக் குறிக்கிறார். அப்போதும் அது கொல்லம் அரசருக்குரிய துறையாகவே இருந்தது. பின்னர்ப் போர்ச்சுகீசியர் காலத்தில் முத்து வணிகத்தின் மையம் தூத்துக்குடிக்கு மாறியது. தூத்துக்குடி ஆற்று முகத்துவாரத்தில் இல்லை. தீவுகள் அதற்கு அரணாக உள்ளன. கொற்கையையும் காயலையும் தூர்த்த வண்டலிலிருந்து அது தப்பியதற்கு இவ்வமைப்பு காரணமாயிற்று.

முடிவுரை

காயலில் வணிகம், சுங்கம், சமூக நீதி ஆகியவற்றில் அரபு வணிகர் பெற்ற அதிகாரம் உண்மையானது. அது பாண்டியர் ஆட்சியுரிமைக்கு உட்பட்டு, குதிரைத் தேவையால் வளர்ந்த அதிகாரம் என்பதும் அதே அளவு உண்மையானது. பாரசீக நூல்களை மட்டும் கொண்டு இதனை அரபு நகரம் என்பதும், கல்வெட்டுகளை மட்டும் கொண்டு அயலவர் பங்கைச் சுருக்குவதும் சான்றின் ஒரு பாதியையே படிப்பதாகும். கால்டுவெல் கண்ட சீன, அரபு ஓடுகள் கிடைத்த நிலப்பரப்பை இன்றைய முறைகளில் அடுக்கு அடுக்காக அகழ்ந்து காலம் கணித்தால், நூல்கள் விட்டுச்சென்ற இடைவெளிகள் பல நிரம்பும்.