அலகின் மேல் ஒரு தகடு
கைக்கருவிகளின் கதை – 11

பழைய இழைப்புளி சேகரிக்கும் அமெரிக்கர்கள் ஒன்றைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்கும் இடம், அலகின் தாங்கிக்கும் பின் கைப்பிடிக்கும் நடுவே உள்ள சின்ன இரும்புத் தளம். அங்கே வார்ப்பிலேயே மூன்று காப்புரிமைத் தேதிகள் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. மூன்றும் இருந்தால் அது ஏறக்குறைய 1910க்கும் 1918க்கும் இடையில் ஸ்டான்லி கம்பெனி செய்தது என்று கணக்கு. அலகில் இதயச் சின்னம் பொறித்திருந்தால் அதற்குப் பிந்தியது. கம்பெனியின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரை நினைவூட்டும் சின்னம் அது. பித்தளை இருக்கவேண்டிய இடத்தில் இரும்போ கறுப்பு ரப்பரோ இருந்தால், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிறவி.

இந்தக் கணக்கு சுவையானதுதான். ஆனால் விலை வேறொரு கணக்கில் போகிறது. ஸ்டான்லி வரிசையில் ஒன்றாம் எண் இழைப்புளி ஐந்தரை அங்குல நீளம். அலகு ஒன்றேகால் அங்குலம். உள்ளங்கைக்குள் அடங்கும். அபூர்வம் என்பதால் ஆயிரம் டாலரைத் தாண்டி விலை போகிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்கிறது. கதவும் ஜன்னலும் மேசையும் இழைத்துத் தேய்ந்த நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் பழைய சாமான் சந்தையில் துருவேறிக் கிடக்கின்றன. என் பிரியம் இவற்றின் மேல்தான். ஒன்பது அங்குல நான்காம் எண் கடைசி மெருகுக்கு, பதினான்கு அங்குல ஐந்தாம் எண் முரட்டு வேலைக்கு. இரண்டும் இருந்தால் ஒரு தச்சர் பட்டறையைத் திறந்துவிடலாம்.

இவற்றின் உள்ளமைப்பை உருவாக்கியவர் லியனார்ட் பெய்லி. பாஸ்டனில் தொழில் செய்தவர். மர இழைப்புளியில் அலகை ஆப்பு வைத்து இறுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். பெய்லி அந்த வேலையை விரலுக்குக் கொண்டுவந்தார். தாங்கியின் பின்னால் ஒரு பித்தளைச் சக்கரம். அதை வலப்பக்கம் திருப்பினால் அலகு இறங்கும், இடப்பக்கம் திருப்பினால் ஏறும். இந்த ஏற்பாட்டுக்கு 1867இல் காப்புரிமை வாங்கினார். 1869இல் கனெக்டிகட் மாநிலம் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி அவருடைய தொழிலை வாங்கிக்கொண்டது. இன்று புதிதாக விற்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை பெய்லியின் வார்ப்புதான்.

அந்த வார்ப்பில் மிக எளிமையாகத் தெரியும் உறுப்பு ஒன்று உண்டு. அலகின் மேல் திருகு போட்டுப் பூட்டிய இன்னொரு தகடு. முனைக்குக் கொஞ்சம் மேலே அது திமில் போல வளைந்திருக்கும். பழைய கருவிகளில் எனக்குப் பெரிய அதிசயம் இதுதான்.

மரத்தின் நார் எல்லா இடத்திலும் ஒரே பக்கம் ஓடாது. நாருக்கு எதிராக இழைத்தால் அலகு தூக்கும் சீவல் நெம்புகோலாகி, வெட்டுக்கு முன்னாலேயே மரத்தைப் பிளந்துகொண்டு கீழே இறங்கிவிடும். பலகையில் சிலாம்பு பெயர்ந்து பள்ளம் விழும். மேல்தகட்டின் விளிம்பு வெட்டுமுனைக்கு மிக அருகில் இருந்தால், சீவல் எழுந்த அடுத்த கணமே அதில் மோதி முன்பக்கம் மடங்கும். நெம்புகிற பலம் அதற்குப் போய்விடும். பள்ளம் விழாது.

இதை அந்தக் காலத்துத் தச்சர்கள் அறிந்திருந்தார்கள். தகட்டை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதை மரத்தின் குணம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று 1812இலேயே இங்கிலாந்தில் பீட்டர் நிக்கல்சன் தம் நூலில் எழுதியிருக்கிறார். மின்சார இயந்திரங்கள் வந்து கைவேலை சுருங்கியபோது இந்த அறிவும் தேய்ந்தது. பின்னால் கைக்கருவி ஆர்வம் மீண்டும் எழுந்தபோது, அந்தத் தகடு அலகு அதிராமல் பிடித்துக்கொள்ள மட்டுமே என்று பலரும் நம்பினார்கள். முரட்டு நாருக்குத் தடித்த அலகு வேண்டும், செங்குத்தான சாய்வு வேண்டும் என்று சொன்னார்கள். பழைய இழைப்புளியின் மெல்லிய அலகு குறையாகவே பேசப்பட்டது.

ஜப்பானில் யமகாட்டா பல்கலைக்கழகத்தின் கவாய், காட்டோ என்ற இரு பேராசிரியர்கள் சீவல் உருவாவதை மிக அருகில் படம் பிடித்திருந்தார்கள். 2012 வாக்கில் அந்தப் படம் ஆங்கிலம் பேசும் தச்சர்களிடம் பரவியது. தகடு முனையிலிருந்து 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கும்போது மரம் பிளப்பது நின்றுபோவதைத் திரையில் பார்த்தவர்கள், தூசி படிந்த நான்காம் எண்ணை மறுபடி எடுத்துத் தீட்டினார்கள். இருநூறு வருட அறிவு ஒன்று அழியாமல் தப்பியது என்பதில் எனக்குத் தாளாத சந்தோஷம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: முதலில் தகட்டின் விளிம்பைத் தீட்டுகல்லில் தேய்த்து, அலகின் முதுகோடு இடைவெளி இல்லாமல் படிய வையுங்கள். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கீற்றுகூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் சீவல் அந்தச் சந்தில் புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு தகட்டை முன்னால் தள்ளி, அலகின் முனை தலைமுடி அளவுக்கு மட்டும் மின்னும்படி நிறுத்தித் திருகை இறுக்குங்கள். இறுக்கும்போது தகடு கொஞ்சம் நகரும். கட்டைவிரலால் பிடித்துக்கொள்வது நல்லது. இழைக்கும்போது சீவல் சுருளாமல் நேராக மேலே எழுந்தால் அமைப்பு சரி. ஐந்தாம் எண்ணில் முரட்டு வேலைக்கு இத்தனை நெருக்கம் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் தள்ளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் தள்ளுவது பெரும்பாடு.

வாங்கும்போது பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். அலகு எட்டிப் பார்க்கும் வாயைச் சுற்றி விரிசல் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். வார்ப்பிரும்பை ஒட்டவைத்து வேலை வாங்குவது லேசில்லை. அலகின் முதுகில், முனையை ஒட்டித் துரு குழி பறித்திருந்தால் வேறு அலகு தேட வேண்டியிருக்கும். மேலாகப் படிந்த துருவுக்கு அஞ்ச வேண்டாம், வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். உடனே கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். பழைய கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வர்ணம் அடிக்காதீர்கள். பின் கைப்பிடியின் மேல்கொம்பு உடைந்திருப்பது சகஜம். வேலைக்கு அது தடையில்லை. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

(தொடரும்)