மீன் பிடிக்கும் இறகு!

தூண்டில் போட்டிருக்கிறீர்களா, குட்டீஸ்? கெங்குவார்பட்டிப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். கொடைக்கானல் மலையிலிருந்து எலிவால் அருவியாகக் குதிக்கும் தண்ணீர், மஞ்சளாறாக அவர்கள் ஊர்ப் பக்கம்தானே இறங்கி வருகிறது! ஒரு மூங்கில் குச்சி, தங்கூசி நரம்பு, ஒரு தக்கை, முள்ளில் மண்புழு. தக்கை ஆடினால் கெண்டையோ கெளுத்தியோ கடிக்கிறது என்று அர்த்தம்.

சரி, மண்புழுவே இல்லாமல், வெறும் இறகை வைத்து மீன் பிடிக்க முடியுமா?

முடியும். இதற்கு 'ஃப்ளை ஃபிஷிங்' என்று பெயர். ட்ரவுட் போன்ற மீன்கள் தண்ணீரில் விழும் பூச்சிகளைத் தின்னும். எனவே சின்னத் தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் நூலால் சுற்றிக் கட்டி, அசல் பூச்சி போலவே செய்து விடுகிறார்கள். மீன் ஏமாந்து கவ்வும். நம் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளிலும் ட்ரவுட் உண்டு. ஆங்கிலேயர்கள் இங்கே கொண்டுவந்து விட்ட மீன் அது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இறகுப் பூச்சிக்கோ கனமே கிடையாது. ஊதினால் பறந்துவிடும்! அதனால் நரம்பையே தடிமனாகவும் கனமாகவும் செய்திருக்கிறார்கள். சாட்டையைச் சொடுக்குவது போல வீச வேண்டும். கடிகார முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். கோலை 2 மணிக்குப் பின்னால் கொண்டுபோய், நரம்பு முதுகுக்குப் பின்னால் நேராக விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, 10 மணிக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு கணம் பொறுக்காவிட்டால் எல்லாம் சிக்கல்தான்.

இந்தப் பொறுமைதான் போரில் அடிபட்ட வீரர்களுக்கு மருந்தாகி இருக்கிறது.

2005-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை, கால் இழந்த இளைஞர்கள் அங்கே படுத்திருந்தார்கள். கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்ற எட் நிக்கல்சன் என்பவரும் அதே மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். அவருக்குத் தூண்டில் என்றால் உயிர். 'இவர்களை மீன்பிடிக்க அழைத்துப் போனால் என்ன?' என்று யோசித்தார். முதல் பாடம் எங்கே நடந்தது தெரியுமா? மருத்துவமனைப் புல்வெளியில்! ஆறும் இல்லை, மீனும் இல்லை. புல்லின்மீது நரம்பை வீசிப் பழகினார்கள்.

'புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' என்ற திட்டம் இப்படித்தான் பிறந்தது. 'ஆற்றும் நீர்' என்று சொல்லலாம். அந்த மருத்துவமனை 2011-ல் மூடப்பட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டது. திட்டமோ அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. வீரர்களிடம் காசு வாங்குவதில்லை.

இறகைக் கட்டும்போது, மரத்துப்போன விரல்கள் மெல்ல மெல்லப் பழகுகின்றன. ஒரு கை இல்லாதவர்களுக்குக் கோலைத் தோளோடும் மார்போடும் பிணைக்கும் பட்டைகள் உண்டு. நரம்பைப் பல்லால் கடித்து இழுப்பவர்களும் உண்டு. உடம்புக் காயத்தைவிட மனக்காயம் பொல்லாதது. பட்டாசுச் சத்தம் கேட்டாலே குண்டு என்று நடுங்குபவர்கள், இரவில் தூக்கமே வராதவர்கள் இருக்கிறார்கள். ஓடும் தண்ணீரில் நின்று, பூச்சி மிதக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த நினைவுகள் கொஞ்ச நேரம் விலகி நிற்கின்றன.

பிடித்த மீனை என்ன செய்வார்கள்? பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுவார்கள். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை பட்டால், மீனைக் காக்கும் வழவழப்பு உரிந்துவிடும்.

இறகைப் பற்றி நம் ஊர்ச் சேதி ஒன்று. இங்கிலாந்தில் சால்மன் மீனுக்குக் கட்டும் பூச்சிகளில், மெழுகுத்துளி போலப் புள்ளி வைத்த ஓர் இறகுக்கு ஏகக் கிராக்கி. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகு! அதற்காகவே அந்தப் பறவைகளைக் கொன்று ஏற்றுமதி செய்தார்கள். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் சேவல் பிழைத்தது. மீனை உயிரோடு விட்டுவிட்டு, சேவலைக் கொல்வது என்ன நியாயம், சொல்லுங்கள்!

தண்ணீர் வீரர்களை ஆற்றியது போல, வீரர்களும் தண்ணீரை ஆற்றுகிறார்கள். முத்துக்குளிப்பவர்களைப் போலக் கடலுக்குள் இறங்கிப் பழகிய முன்னாள் கமாண்டோக்களைச் சேர்த்து, 2016-ல் 'ஃபோர்ஸ் ப்ளூ' என்ற அமைப்பு அமெரிக்காவில் தொடங்கியது. ஜிம் ரிட்டர்ஹாஃப், ரூடி ரேயஸ் என்ற இருவர் ஆரம்பித்தது. 2017-ல் இர்மா புயல் ஃப்ளோரிடா கடலில் பவளப்பாறைகளைப் பெயர்த்துப் போட்டபோது, விஞ்ஞானிகளோடு கடலடிக்குப் போய் உடைந்த பவளங்களை எடுத்து மீண்டும் ஒட்டவைத்தார்கள். கண்ணிவெடியைத் தேடிய கைகள் பவளத்துக்குக் கட்டுப் போட்டன!

தண்ணீரால் எழுந்த வீரர் நம் நாட்டிலும் இருக்கிறார். மராட்டியத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து கால்கள் செயலிழந்தன. சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கினார். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் தங்கம் அது. பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவர 2018 வரை ஆகிவிட்டது.