எதிர்பாராக் கருவும் உசாத்துணையும்

உசாத்துணை என்பது தமிழில் ஒரு பழஞ்சொல். உசாவுதலாவது கேட்டும் ஆராய்ந்தும் கலந்து பேசுதல். அவ்வாறு பேசுதற்குரிய துணையே உசாத்துணை. அத்துணை ஆணையிடுவதில்லை, முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்வதுமில்லை. எதிர்பாராது கருவுற்ற பெண்ணுக்கு முதற்கண் வேண்டுவது இதுவே. ஆயினும் அவளுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு: ஒன்று வசை, மற்றொன்று அவசரம். வசைக்கு அஞ்சி மறைப்பவள் காலத்தை இழக்கின்றாள். பிறர் அவசரத்திற்கு இணங்குபவள் தன் முடிவையே இழக்கின்றாள்.

காலக் கணக்கு

கருவின் வயதை மருத்துவர் இறுதி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவர். ஆதலின் மாதவிலக்குத் தவறியதை ஒருத்தி உணரும்போதே ஏறத்தாழ 4 வாரங்கள் கணக்கில் ஏறிவிடுகின்றன. இதனை அறியாமையால் “இன்னும் நாள் இருக்கிறது” என்று எண்ணி ஏமாறுவோர் உளர். எனவே முதற்பணி, மருத்துவரிடம் சென்று கருவை உறுதி செய்து, ஸ்கேன் வாயிலாக அதன் வயதைத் திட்டமாக அறிதலாகும். வயது தெரியாமல் சொல்லப்படும் அறிவுரை, அடித்தளமின்றி எழுப்பிய சுவர் போன்றது.

சிங்கப்பூரின் முறை

சிங்கப்பூரில் கருக்கலைப்புச் சட்டம் 1969ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அப்போது பல நேர்வுகளில் ஒரு குழுவின் இசைவு வேண்டியிருந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அக்குழுவை நீக்கி, பெண்ணின் எழுத்துவழி ஒப்புதலையும் தகுதிபெற்ற மருத்துவரையும் முறைக்கு அடிப்படையாக்கியது. 24 வாரங்களுக்கு மேற்பட்ட கருவைக் கலைத்தல், தாயின் உயிரைக் காக்கவோ, உடலுக்கோ மனத்துக்கோ நேரும் கடுமையான நிலைத்த கேட்டைத் தடுக்கவோ அன்றிச் செய்யத்தகாது.

கலைப்புக்கு முன் ஆலோசனை பெறுதல் தொடக்கத்தில் சில பிரிவினர்க்கே கட்டாயமாக இருந்தது. 2015ஆம் ஆண்டு முதல் எல்லாப் பெண்களுக்கும் உரியதாயிற்று. ஆலோசனைக்குப் பின் 48 மணி நேரம் கழிந்த பிறகே சிகிச்சை நடைபெறலாம். இவ்விடைவெளி தடையன்று, சிந்திப்பதற்கென விடப்பட்ட இடம்.

கட்டாயமான ஆலோசனை நம்பத்தக்கதாகுமா என்ற ஐயம் எழலாம். சட்டத்தின் பிற கூறுகள் இதற்கு ஓரளவு விடை பகர்கின்றன. அச்சுறுத்தியோ வற்புறுத்தியோ ஒரு பெண்ணைக் கலைப்புக்கு உட்படுத்துதல் குற்றம். அவளைப் பற்றிய செய்தியை அதற்குரியவர் வெளியிடுதலும் குற்றம். மருத்துவர் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாதெனில் பங்கு கொள்ள மறுக்கலாம். உயிரைக் காக்கவோ கடுமையான நிலைத்த கேட்டைத் தடுக்கவோ வேண்டிய நேரத்தில் இவ்விலக்கு இல்லை. அங்ஙனம் மறுப்பவர் அதனை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நேர்மையாகும். நாளைக் கடத்துதல் நேர்மையன்று.

ஜெர்மனி நாட்டில் இன்னொரு காவலும் உண்டு. அங்கு ஆலோசனை கூறியவரே கலைப்பைச் செய்தலாகாது. இரண்டிற்கும் இடையே 3 நாள் கழிய வேண்டும். பெண் விரும்பினால் தன் பெயரைச் சொல்லாமலே ஆலோசனை பெறலாம். ஆலோசனையால் ஊதியம் பெருக்கிக்கொள்ளும் வாய்ப்பு இதனால் அறுபடுகின்றது.

பொய்த் துணை

ஆலோசனை நிலையம் என்ற பெயர்ப்பலகை மட்டும் நம்பிக்கைக்குச் சான்றாகாது. அமெரிக்காவில் மருந்தகம் போலத் தோற்றமளித்து, கலைப்பினின்று பெண்களைத் திருப்புவதையே நோக்கமாகக் கொண்ட நிலையங்கள் பல உள்ளன. கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என அவற்றுட் சில அச்சுறுத்தியதும் உண்டு. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2003ஆம் ஆண்டு அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்தபோது அத்தகைய தொடர்பு இல்லையென்றே முடிவு கண்டது. மறுபுறம், வளர்ப்பதற்குரிய உதவியையோ தத்துக் கொடுப்பதையோ ஒரு சொல்லும் கூறாது, உடனே கலைப்புக்கு நாள் குறிப்பவரும் நல்ல துணையாகார். பொய் சொல்லுதல் மட்டுமன்று, பாதியை மறைத்தலும் வஞ்சமே.

அறியும் வழி

நம்பத்தக்க ஆலோசகரை அறிய நான்கு வினாக்கள் போதும். அவர் பெற்ற பயிற்சி யாது? குழந்தையை வளர்த்தல், நீதிமன்ற ஆணை வழித் தத்துக் கொடுத்தல், கலைத்தல் ஆகிய மூன்றையும் நன்மை தீமையுடன் விளக்குகின்றாரா? தம்மால் செய்ய இயலாததை ஒளிக்காமல் சொல்லி, வேறிடம் காட்டுகின்றாரா? இன்ன முடிவுதான் எடுக்க வேண்டும் என்று நெருக்காமல் இருக்கின்றாரா?

மொழியும் இதில் பொருட்டு. ஆங்கிலம் நன்கறியாத பெண்ணுக்குக் கணவனோ மாமியாரோ மொழிபெயர்த்தால், அவள் சொல் அவளுடையதாக நில்லாது. தமிழறிந்த ஆலோசகரையோ, குடும்பத்தைச் சாராத மொழிபெயர்ப்பாளரையோ கேட்டுப் பெறுதல் நன்று. சற்று நேரமேனும் அவளைத் தனியே வைத்துப் பேசாத ஆலோசனை ஆலோசனையாகாது.

கலங்கிய மாணவி ஒருத்தி முதலில் நாடுவது தன் ஆசிரியரையாக இருக்கலாம். ஆசிரியர் மருத்துவருமல்லர், தீர்ப்பளிக்கும் நடுவருமல்லர். முகம் சுளிக்காது கேட்டலும், தக்க இடத்திற்கு அன்றே வழிகாட்டலும், பள்ளி முறைப்படி அறிவிக்க வேண்டியது இருப்பின் அதனை அவளிடம் மறைக்காது சொல்லுதலும் அவர் கடன். உசாத்துணை என்ற சொல்லின் பிற்பாதி துணை. அதனை மறந்த அறிவுரை, எத்துணைச் சிறந்ததாயினும், அவளுக்குப் பயன்படாது.