எந்தச் சொல்லைத் தேடுவது?

வங்கியின் பெயரைச் சமூக ஊடகத்தில் தேடினால் வாடிக்கையாளரின் குரல் கேட்கும் என்று எண்ணத் தோன்றும். நடைமுறையில் முதலில் கேட்பது போட்டித் தேர்வு எழுதுவோரின் குரலே. எழுத்தர் பணி அறிவிப்பு, நேர்காணல் தேதி, கட் ஆஃப் மதிப்பெண் எனப் பதிவுகள் குவிந்துகிடக்க, பணத்தை இழந்த ஒருவரின் இரண்டு வரி முறையீடு அவற்றின் அடியில் புதைந்துபோகிறது. பெயரே பொதுச்சொல்லாக அமைந்த வங்கிகளின் பாடு இன்னும் கடினம். ‘இந்தியன்’, ‘யூனியன்’, ‘யெஸ்’ என்று மட்டும் தேடுவோருக்கு என்னென்ன வந்து சேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே, பெயரோடு இன்னொரு சொல்லையும் சேர்த்தே நாங்கள் தேடுகிறோம். அச்சொல் அலுவலக மொழியாக இருந்தால் பயனில்லை. ‘பரிவர்த்தனை தோல்வி’ என்று எழுதும் வாடிக்கையாளர் அரிது. ‘பணம் போயிடுச்சு’, ‘காசு ஏறல’ என்றே தமிழர் எழுதுகின்றனர். இந்தி பேசுவோர் ‘பைசா கட் கயா’ என்கின்றனர். இவற்றையும் பலர் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்வதால், ஒரே சொல் பல எழுத்துக்கூட்டல்களில் வரும். ஒவ்வொன்றையும் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘கட்’ என்பதைச் சேர்த்தவுடன் கட் ஆஃப் மதிப்பெண்கள் மீண்டும் வந்து நிற்கும்! அப்போது முழுத்தொடரையும் இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுகிறோம். வேண்டாத சொல்லைக் கழித்தல் குறியால் விலக்குகிறோம். விலக்குவதிலும் அளவு வேண்டும். ‘தேர்வு’ என்பதையே விலக்கிவிட்டால், தேர்வுக் கட்டணம் செலுத்தியும் பணம் போய்ச்சேராத மாணவரின் முறையீடும் மறைந்துவிடும்.

இத்தனை கவலைக்குக் காரணம், அதே சொற்களை மோசடிக்காரரும் தேடுகின்றனர் என்பதே. முறையீட்டைக் கண்டதும், வங்கியின் சின்னத்தைப் படமாக வைத்த போலிக் கணக்கிலிருந்து ‘இந்த எண்ணை அழையுங்கள்’ என மறுமொழி இடுகின்றனர். எனவே ‘கஸ்டமர் கேர்’, ‘ஹெல்ப்லைன்’, ‘ரீஃபண்ட்’ ஆகியவற்றை வங்கியின் பெயரோடு இணைத்துத் தேடுவதையே முதன்மைப் பணியாகக் கொள்கிறோம். போலிகள் சில ‘கஸ்டமர்’ என்பதைக் ‘காஸ்ட்யூமர்’ என்று பிழையாக எழுதும். திருத்தமான சொல்லை மட்டும் தேடினால் அவை தப்பிவிடும். எண்ணின் நடுவே புள்ளியும் இடைவெளியும் இடுவதும் உண்டு. அதனால் எண்ணைத் தேடுவதைவிட, அதன் அருகில் வரும் சொற்களைத் தேடுவதே பலன் தருகிறது.

வாடிக்கையாளர்கள் முறையீட்டில் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் எழுதலாகாது. மறுமொழியில் வரும் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை அழைக்கலாகாது. அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணே போதும். மோசடியால் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி, வெளியார் செயலால் நேர்ந்த மின்னணு இழப்பை 3 வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்பவருக்குப் பொறுப்பில்லை என ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்தது. அந்தக் கெடுவுக்குச் சமூக ஊடகப் பதிவை நம்பியிராமல், கிளையிலோ கட்டணமில்லாத் தொலைபேசியிலோ புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டுப் பெற்றுக்கொள்க.