பலாலிக்கு 355 கிலோமீட்டர்

திருவிடந்தைக் கடற்கரையிலிருந்து, கிழக்கே மேற்கே சாயாமல் நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால் எங்கே போய் முட்டும்? புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று தோன்றும். இரண்டும் இல்லை. மாமல்லபுரம் தாண்டியதும் நம் கரை தென்மேற்காக ஒதுங்கிவிடுகிறது. கோடு கடல்மேலேயே போய் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் கரையேறும். இரண்டு ஊரும் 80.24 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியவை.

தென்வடல் தூரத்துக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். அட்சரேகையில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. மீனம்பாக்கம் விமான நிலையம் 12.99, யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலி 9.79. வித்தியாசம் 3.2 பாகை, அதாவது சுமார் 355 கி.மீ. வான்வழியில் சென்னைக்கு மதுரையைவிடப் பலாலி பக்கம்!

நேரக் கணக்குதான் இடிக்கும். இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் உயரே போனபின் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் செல்லும். வகுத்தால் 43 நிமிடம். கால அட்டவணையோ ஒன்றேகால் மணி நேரம் என்கிறது.

அட்டவணை நேரம் என்பது, நின்ற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து, அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் இதில் சேரும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. எதிர்காற்றில் ஏறுவதுதான் விமானத்துக்குத் தோது. மேல்காற்று அடித்தால் மேற்கே பார்த்துக் கிளம்பும், கடற்காற்று வந்துவிட்டால் கிழக்கே. எப்படியானாலும் தெற்கே போக வேண்டியது வளைந்துதான் ஆக வேண்டும். ஏறும்போது வேகமும் முந்நூறு சொச்சம்தான். நேர்கோட்டைப் பிடித்தே போகலாமென்றால் அது கல்பாக்கத்தை உரசும். அணுமின் நிலையத்தின் மேல் வான்வெளிக் கட்டுப்பாடு உண்டு.

இந்த வான்வழி புதிதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானமே, ஒரு டக்கோட்டா, இரத்மலானையில் கிளம்பி, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பின்னர் போர் வந்தது, வழி அடைபட்டது. 2019 நவம்பரில் திறந்து, கொரோனாவில் மூடி, 2022 டிசம்பர் 12 முதல் மீண்டும் ஓடுகிறது.

எந்த ஊருக்கும் உத்தேசமாக நேரம் பார்க்க வேண்டுமா? தூரத்தை வேகத்தால் வகுத்து அரை மணி கூட்டுங்கள். பலாலிக்கு 73 நிமிடம் வரும். 2,900 கி.மீ. தள்ளியிருக்கும் சிங்கப்பூருக்கு, ஜெட் வேகம் 850 என்று வைத்தால், நாலு மணி நேரத்தை ஒட்டி வரும். அந்த அரை மணி சிங்கப்பூர்ப் பயணத்தில் எட்டில் ஒரு பங்கு, யாழ்ப்பாணப் பயணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. டிக்கெட்டைப் பார்த்துக் கழிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இலங்கைக் கடிகாரமும் நம்முடையதும் ஒன்று; சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே ஓடுகிறது.