இடைவெளிகளைத் திட்டமிடல்: அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைப் பசுமைவழி

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோர நகரங்களை இணைக்கும் கிழக்குக் கடற்கரைப் பசுமைவழி, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரிய நெடும்பாதையாகும். அது உருவாகும் முறையை விளக்கும் இக்கட்டுரை, இத்தகைய பாதையின் வெற்றியை முடிந்த நீளத்தைக் கொண்டு மட்டும் அளவிடாமல், எஞ்சியுள்ள இடைவெளிகளின் தன்மையைக் கொண்டும் அளவிட வேண்டும் என்ற கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பசுமைவழி, வழியுரிமை, இருப்புப்பாதைத் தடம், இடைக்காலச் சாலைவழி, இடைவெளி.

முன்னுரை

கனடா எல்லையை ஒட்டிய மேய்ன் மாநிலத்தின் கேலஸ் நகரில் தொடங்கி ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் வரை செல்லும் இப்பாதை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளமுடையது. 15 மாநிலங்களையும் தலைநகர் வாசிங்டனையும் கடந்து, பாஸ்டன், நியூயார்க், பிலடெல்ஃபியா, சார்ல்ஸ்டன், மயாமி முதலிய நகரங்களை இணைக்கிறது. 1991-இல் உருப்பெற்ற இத்திட்டத்தில், இன்றும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வாகனங்களிலிருந்து பிரிக்கப்பட்ட தனிப்பாதையாக உள்ளது. எஞ்சிய தொலைவை ஊர்திகள் ஓடும் சாலைகளிலேயே கடக்க வேண்டும். இந்நிலைக்கான காரணங்களை அதன் திட்டமிடல் முறையிலேயே காணலாம்.

மலைவழியும் நகர்வழியும்

1921-இல் பென்டன் மக்காய் முன்மொழிந்த அப்பலாச்சியப் பாதை, நகரங்களை விட்டு விலகி மலைமுகடுகளின் வழியே செல்வது. 1968-ஆம் ஆண்டின் தேசியப் பாதைகள் அமைப்புச் சட்டம் அதற்கு ஒன்றிய அரசின் பாதுகாப்பை அளித்தது. பசுமைவழியோ மக்கள் நெருங்கி வாழும் நகரங்களின் ஊடே செல்கிறது. நெடுகிலும் நிலத்தை விலைக்கு வாங்குவது இங்கு இயலாது. எனவே இதனை ஒருங்கிணைக்கும் தன்னார்வக் கூட்டமைப்பு தடத்தை வரையறுக்கிறது. ஒவ்வொரு துண்டையும் அமைத்துப் பேணுவது மாநில, மாவட்ட, நகர நிருவாகங்களின் பொறுப்பாகிறது.

பழைய தடங்களின் மறுபயன்

முடிவுற்ற பகுதிகள் பலவும் பழைய போக்குவரத்துத் தடங்களே. நியூ ஜெர்சியில் 1834-இல் திறக்கப்பட்ட டெலாவேர்–ராரிட்டன் கால்வாயின் கரையும், நியூ ஹேவனில் கால்வாயாகத் தொடங்கிப் பின்னர் இருப்புப்பாதையான ஃபார்மிங்டன் தடமும் இவ்வகையின. 1935-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த கீ வெஸ்ட் இருப்புப்பாதையின் பழைய பாலங்கள் சிலவும் இன்று பாதையின் பகுதிகளாகியுள்ளன.

இம்மறுபயனில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. தொடர்வண்டி நிறுவனங்கள் பல இடங்களில் நிலத்தின் மீது வழியுரிமை மட்டுமே பெற்றிருந்தன. வண்டியோட்டம் கைவிடப்பட்டால் அவ்வுரிமை முடிவுற்று, தடம் துண்டு துண்டாக நிலவுடைமையாளர்களிடம் திரும்பிவிடும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், எதிர்காலத் தொடர்வண்டிப் பயன்பாட்டிற்காகத் தடத்தைக் காத்து, இடைக்காலத்தில் அதனை நடைபாதையாகப் பயன்படுத்த இடமளித்தது. 1990-இல் உச்சநீதிமன்றம் இத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நிலவுடைமையாளர்கள் இழப்பீடு கோரும் வழியும் திறந்திருப்பதைச் சுட்டியது. பொதுப்பயனும் தனியுரிமையும் மோதும் இடத்தில் இரண்டிற்கும் இடமளித்த தீர்வு இது.

இடைக்காலச் சாலைவழி

பழைய தடங்கள் இல்லாத இடங்களில், அருகிலுள்ள சாலைகளே தற்காலிக வழியாகக் குறிக்கப்படுகின்றன. இதனால் வரைபடத்தில் பாதை முழுமை பெறுகிறது. தன் எல்லைக்குள் உள்ள இடைவெளியை நிரப்ப ஒவ்வோர் ஊருக்கும் தூண்டுதல் கிடைக்கிறது. ஆயினும் இம்முறைக்கு ஒரு விலை உண்டு. பயிற்சி பெற்ற மிதிவண்டியாளர் இரண்டு கிலோமீட்டர் நெடுஞ்சாலையைத் துணிந்து கடந்துவிடலாம். பள்ளிச் சிறுவருக்கும் முதியவருக்கும் பாதை அவ்விடத்திலேயே முடிந்துவிடுகிறது. எளிய துண்டுகள் முதலில் நிறைவேற, ஆறுகளும் நெடுஞ்சாலைகளும் குறுக்கிடும் கடினமான இடங்கள் பின்தள்ளப்பட்டால், ‘இடைக்காலம்’ என்பது நிலையான ஏற்பாடாகிவிடும்.

வட கரோலினாவின் டர்ஹம் நகரில், பழைய இருப்புப்பாதைத் தடத்தில் அமைந்த ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளப் பாதையை 40-ஆம் எண் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரித்திருந்தது. 2014-இல் திறக்கப்பட்ட மேம்பாலம் இரு துண்டுகளையும் ஒரே பாதையாக்கியது. சேர்ந்த நீளம் சிறிது. விளைந்த பயன் பெரிது. சார்ல்ஸ்டனில் கூப்பர் ஆற்றின் மீது 2005-இல் திறக்கப்பட்ட ரேவனல் பாலமோ, நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் உரிய தனித்தடத்துடனேயே கட்டப்பட்டது. பாலங்கள் பல தலைமுறைகள் நிற்பவை. கட்டும்போது விடுபடும் தனித்தடத்தைப் பின்னர் சேர்ப்பது அரிது.

முடிவுரை

கிழக்குக் கடற்கரைப் பசுமைவழி இரு உண்மைகளை உணர்த்துகிறது. தொடர்ச்சியான தடத்தை இழந்தால் மீட்பது கடினம். ஆகவே பயன்பாடு நின்றவுடனேயே அதனைச் சட்டத்தால் காத்தல் வேண்டும். அடுத்து, முடிந்த நீளத்தின் விழுக்காடு மட்டும் பாதையின் நிலையை உணர்த்தாது. ஒரு குழந்தை சாலையில் இறங்காமல் எவ்வளவு தொலைவு செல்ல முடியும் என்பதே பொருத்தமான அளவுகோல். அவ்வளவுகோலை ஏற்கும் திட்டம், எளிய துண்டுகளை மட்டும் நீட்டிக்கொண்டிராமல், கடினமான இடைவெளிகளுக்கு முதலில் நிதி ஒதுக்கும்.